நிரம்பாலியும் நீலகிரி லில்லியும்

கல்லூரியில் தாவரவியல் படித்த எவருக்கும் இரண்டு நுண்ணோக்கிச் சில்லுகள் மறந்திருக்காது. ஒன்று பைனஸ் ஊசியிலையின் குறுக்குவெட்டு, மற்றொன்று லில்லி மகரந்தப்பையின் குறுக்குவெட்டு. செய்முறைத் தேர்வில் பார்த்து அடையாளம் சொல்ல வைக்கும் ஸ்பாட்டர் வரிசையில் இவ்விரண்டில் ஒன்றாவது இருந்தே தீரும். ஊசியிலை மரங்களுக்கு மாதிரியாகப் பைனஸையும் பூக்கும் தாவரங்களுக்கு மாதிரியாக லில்லியையும் ஐரோப்பியப் பாடநூல்கள் எடுத்துக்கொண்டன. அவற்றைப் பார்த்து நம் பாடநூல்களும் எடுத்துக்கொண்டன. பைன் மரம் தென்னிந்தியக் காடுகளில் தானாக வளர்வதில்லை. சில்லில் ஒட்டப்பட்டிருக்கும் லில்லியும் பெரும்பாலும் தோட்டத்து வகைதான். ஆனால் இதே ஒப்பீட்டை நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் இரண்டு இனங்களைக் கொண்டே செய்ய முடியும் என்பதும், அப்படிச் செய்தால் பாடநூல் சொல்லாமல் விட்ட ஒரு செய்தி அகப்படுகிறது என்பதும் என் எண்ணம்.

தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஊசியிலை மர இனம் ஒன்றே ஒன்றுதான். அதற்கு நிரம்பாலி என்று பெயர். அறிவியல் பெயர் நாகெயா வாலிச்சியானா, பொடோகார்ப்பேசி குடும்பத்தைச் சேர்ந்தது. உதகையிலும் கொடைக்கானலிலும் சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொள்ளும் பைன், சைப்ரஸ் மரங்கள் யாவும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவை. சைக்கஸும் நீட்டமும் நம் காடுகளில் இருக்கின்றன, அவையும் திறந்தவிதைத் தாவரங்களே. ஆனால் ஊசியிலை மரங்களின் கூட்டத்தில் அவற்றுக்கு இடமில்லை. லில்லியின் கணக்கும் இதைப் போன்றதே. லிலியம் என்னும் பேரினத்தில் ஏறத்தாழ நூறு இனங்கள் வட அரைக்கோளத்தின் குளிர்ப்பகுதிகளில் பரவியிருக்க, தென்னிந்தியா வரை இறங்கி வந்தது நீலகிரி லில்லி ஒன்றுதான். உலகில் இயற்கையாக வளரும் லில்லிகளில் மிகத் தெற்கே இருப்பதும் இதுவே. குளத்து அல்லிக்கும் இதற்கும் உறவு கிடையாது. நம் மாநில மலரான செங்காந்தள் லில்லிகளின் வரிசையைச் சேர்ந்ததுதான் என்றாலும் அதன் குடும்பம் வேறு.

இந்த இரண்டு தாவரங்களும் ஒரே மனிதரின் பெயரைச் சுமந்து நிற்பது தற்செயல். டென்மார்க்கில் பிறந்து, அறுவை மருத்துவராக வங்காளத்துக்கு வந்து, கல்கத்தா தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக நெடுங்காலம் இருந்த நத்தானியேல் வாலிச்சின் பெயர் அது. நீலகிரியில் இருப்பதைத் தனி இனமாகக் கொண்டு லிலியம் நீல்கெரென்ஸ் என்று பெயரிட்டவர் ராபர்ட் வைட். இமயமலையில் வளரும் லிலியம் வாலிச்சியானத்தின் ஒரு வகையாகவே இதைக் கொள்ள வேண்டும் என்பது பிற்காலத்தில் வந்த கருத்து. இன்றும் இரு பெயர்களும் வழக்கில் இருக்கின்றன. வைட் சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர். அவருடைய நூல்களுக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இரு இந்திய ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் சூட்டினார். நாள் முழுவதும் செடியைப் பார்த்து வரைந்தவருக்கு ஒரு செடியாவது கிடைத்ததே என்று ஆறுதல் கொள்ளலாம். அந்தப் பேரினமும் பின்னர் வேறொன்றுடன் சேர்க்கப்பட்டுவிட்டது என்பது வேறு கதை.

இனி செடிகளுக்கு வருவோம். ஊசியிலை மரம் என்று கேட்டவுடன் மனத்தில் எழும் உருவத்தை நிரம்பாலியின் முன்னால் நின்றுகொண்டு மறந்துவிட வேண்டும். அதற்கு ஊசியிலை கிடையாது, மரக்கூம்பும் கிடையாது. விரல் நீளத்துக்கும் கூடுதலாக, தடித்து, பளபளப்பாக, நுனி கூர்ந்த அகன்ற இலைகள் கிளையின் இருபுறமும் எதிரெதிராக அமைந்திருக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவர் அதை வேறு ஏதோ ஒரு பசுமைமாறா மரம் என்றே நினைத்துக் கடந்து போவார். இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். மாவிலையிலும் பலாவிலையிலும் காணும் நடுநரம்பு அதில் இல்லை. அடியிலிருந்து நுனி வரை மெல்லிய நரம்புகள் பல, ஒன்றையொன்று தொடாமல், இணைகோடுகளாக ஓடி நுனியில் நெருங்கி முடிகின்றன. இணைநரம்பு என்பது ஒருவித்திலைத் தாவரத்தின் அடையாளம் என்று பள்ளியிலேயே நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். லில்லி ஒருவித்திலைத் தாவரம். அதன் இலை குறுகி நீண்டு, அதே இணைநரம்புகளுடன் தண்டைச் சுற்றி அமைகிறது. ஆக, இலைகளை மட்டும் எடுத்து இரு வகுப்புகளாகப் பிரிக்கச் சொன்னால், அகன்ற இலை கொண்ட ஊசியிலை மரத்தைப் பூக்கும் தாவரங்களின் பக்கமும் குறுகிய இலை கொண்ட லில்லியை எதிர்ப்பக்கமும் வைத்துவிட ஒரு நல்ல மாணவராலும் முடியும்.

நிழல் அடர்ந்த காட்டில் அகன்ற இலைக்குப் பயன் உண்டு. அகத்தியமலை, களக்காடு முண்டந்துறை, ஆனைமலை ஆகிய பகுதிகளின் ஈரமான பசுமைமாறாக் காடுகளில் நிரம்பாலி மற்ற உயர்ந்த மரங்களோடு போட்டியிட்டு வளர வேண்டியிருக்கிறது. கன்றுப் பருவத்தில் மேலிருந்து கசிந்து வரும் சிறிதளவு வெளிச்சத்தைப் பிடிக்க ஊசி போதாது. பொடோகார்ப்பேசி குடும்பத்தின் பல இனங்கள் வெப்பமண்டலக் காடுகளில் பூக்கும் மரங்களுக்கு நடுவே பிழைத்திருப்பதற்கு இத்தகைய இலைகளை ஒரு முக்கியக் காரணமாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நீலகிரி லில்லிக்கு இந்தக் கவலையே இல்லை. அது வளர்வது சோலைக்காட்டுக்கு வெளியே, உயர்மலைப் புல்வெளியிலும் பாறைச் சரிவுகளிலும். வெளிச்சம் அங்கே தாராளம். காற்றும் பனியும் அதைவிடத் தாராளம்.

உடலமைப்பில் இரண்டுக்கும் உள்ள தூரம் அதிகம். புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் பிரிக்கிறது தொல்காப்பிய மரபியல். பனையையும் மூங்கிலையும் புல்லோடு சேர்த்த அந்தப் பார்வை, இன்றைய ஒருவித்திலை, இருவித்திலைப் பிரிவுக்கு வியப்பூட்டும் அளவு நெருங்கி வருகிறது. நிரம்பாலி ஐயத்துக்கிடமின்றி அகக்காழ். ஆண்டுதோறும் சுற்றளவில் பருத்து, உள்ளே வைரம் ஏறி, முப்பது மீட்டருக்கு மேலும் உயரக்கூடியது. ஆனால் அதன் கட்டையில் தேக்கிலும் வேங்கையிலும் காணும் அகன்ற நீர்க்குழாய்கள் இல்லை. டிரக்கீடு எனப்படும் குறுகிய நீண்ட செல்களே தண்ணீரை மேலே ஏற்றுகின்றன, அவையே மரத்தைத் தாங்கியும் நிற்கின்றன. இரண்டு வேலைக்கும் ஒரே கருவி. நீர் ஏறும் வேகம் இதனால் சற்றுக் குறையும். ஆனால் ஒரு செல்லில் காற்றுக்குமிழி புகுந்து அடைத்தாலும் இழப்பு அந்த ஒரு செல்லோடு நின்றுவிடும்.

லில்லிக்கு அகத்திலும் வைரமில்லை, புறத்திலும் வைரமில்லை. தரைக்கு மேலே அது கட்டும் எதையும் ஓராண்டுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் புல்லுக்கு நடுவே தண்டு எழுகிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் பூக்கிறது. காய் முற்றியபின் தண்டு காய்ந்து விழுகிறது. டிசம்பர், ஜனவரியில் நீலகிரியில் உறைபனி விழும்போது, அதன்பின் கோடையில் புல் காய்ந்து தீப்பிடிக்கும்போது, லில்லி மேலே எங்கும் இருப்பதில்லை. மண்ணுக்கடியில் செதில் செதிலாக அடுக்கப்பட்ட கிழங்காக இருக்கிறது. வெங்காயத்துக்கு இருப்பது போன்ற காகிதத் தோல் லிலியம் கிழங்கில் கிடையாது என்பதால், தோண்டி எடுத்து வெயிலில் போட்டால் விரைவில் வதங்கிவிடும். மலைச்சாலை ஓரங்களில் பூவுக்காகக் கிழங்கோடு பிடுங்கிக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பிணத்தைத்தான் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள் என்று கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன்.

ஒப்பீட்டின் உயிர்நாடி இனப்பெருக்கத்தில் இருக்கிறது. திறந்தவிதை, மூடுவிதை என்ற பிரிவே அதைக் கொண்டுதான் வந்தது. நிரம்பாலியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தின் இலைக்கக்கங்களில் சிறு கதிர்கள் கொத்தாகத் தோன்றி மகரந்தத்தைக் காற்றில் விடுகின்றன. ஒவ்வொரு துகளுக்கும் இருபுறமும் இரண்டு காற்றுப்பைகள் உண்டு. அவை துகளைப் பறக்கவைப்பதற்காக அமைந்தவை என்று பொதுவாகச் சொல்வது வழக்கம். இன்னும் சுவையான வேலை ஒன்று அவற்றுக்கு இருக்கிறது. பெண் மரத்தில் பின்னர் விதையாக மாறும் சூல் தலைகீழாக, வாய் கீழ்நோக்கி அமைந்திருக்கிறது. அந்த வாயில் ஒரு சிறு நீர்த்துளி கசிந்து தொங்கும். காற்றில் வந்த துகள் அந்தத் துளியில் ஒட்டிக்கொண்டால், காற்றுப்பைகள் அதை மிதக்கவைத்து மேல்நோக்கி, அதாவது சூலின் உள்ளே, கொண்டுசெல்கின்றன. பைகள் இல்லாத அந்நியத் துகளும் தூசியும் அவ்வாறு மேலேறுவதில்லை. துளி உள்வாங்கும்போது மகரந்தம் சூலை நேரடியாகத் தொட்டுவிடுகிறது. இடையில் சூல்முடி இல்லை, சூல்தண்டு இல்லை, சூற்பைச் சுவர் இல்லை. விதை திறந்திருக்கிறது என்பதன் பொருள் இதுதான்.

நீலகிரி லில்லியில் சூல்கள் சூற்பைக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆறு இதழ்களும் சேர்ந்து ஒரு சாண் நீளத்துக்கும் குறையாத எக்காளக் குழலாக நீள்கின்றன. நிறம் தூய வெண்மை அல்லது மங்கிய மஞ்சள் கலந்த வெண்மை. உள்ளே ஆறு மகரந்தத் தாள்கள். ஒவ்வொரு மகரந்தப்பையும் தாளின் நுனியில் அதன் நடுப்பகுதியால் மட்டுமே பொருந்தியிருப்பதால் தொட்டவுடன் ஊசலாடும். தொடும் பொருள் எந்தக் கோணத்தில் வந்தாலும் அதன்மேல் தூளை அப்பிவிடும். அந்தத் தூளில் ஒட்டும் எண்ணெய்ப்பசை இருக்கிறது. சட்டையில் பட்டால் தண்ணீர் விட்டுத் தேய்க்கக் கூடாது, கறை பரவிவிடும் என்பது பூக்கடைக்காரர்கள் அறிந்த பாடம். காற்றை நம்பும் செடிக்கு இந்தப் பசை எதிரி; பூச்சியை நம்பும் செடிக்கு அதுவே மூலதனம். வெண்மை, நறுமணம், நீண்ட குழல், அதன் அடியில் தேன் என்னும் நான்கும் ஒரு பூவில் சேர்ந்திருந்தால் அது அந்தியில் வரும் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சியை எதிர்பார்க்கும் பூ என்று தாவரவியலார் கணிப்பது வழக்கம். நீலகிரி லில்லிக்கு அந்த நான்கும் இருக்கின்றன.

சூல்முடியில் ஒட்டிய மகரந்தத் துகள் அங்கிருந்து ஒரு குழாயை வளர்த்துக்கொண்டு, சூல்தண்டின் முழு நீளத்தையும் கடந்து சூற்பைக்குள் இறங்க வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத ஒரு துகள் பல சென்டிமீட்டர் தூரத்தைச் சில நாட்களில் கடக்கிறது. சூல்தண்டின் உட்சுவர் இந்தக் குழாய்களுக்கு வழிகாட்டியாகவும் தேர்வாளராகவும் செயல்படுகிறது. ஈஸ்டர் லில்லி போன்ற இனங்களில் அதே செடியின் மகரந்தக் குழாயைப் பாதி வழியிலேயே நிறுத்திவிடுவதும் உண்டு. பைன் மரத்தில் இந்த அவசரம் எதுவும் கிடையாது. அங்கே மகரந்தம் சூலை அடைந்த பிறகு கருவுறுதல் நடக்க ஓராண்டுக்கு மேலாகும். மூடிய அறை கட்டிக்கொண்ட லில்லி நாட்களிலும், திறந்தே வைத்திருக்கும் பைன் ஆண்டுகளிலும் கணக்குப் பார்க்கின்றன. தடைகளை அதிகமாக வைத்திருப்பவர்தான் வேகமாக முடிக்கிறார் என்பது விசித்திரமாகத் தோன்றலாம். போட்டி வைத்தால் ஓடத்தானே வேண்டும்.

விதைக்கான உணவைச் சேர்க்கும் முறையிலும் இதே மனப்போக்கைக் காணலாம். ஊசியிலை மரங்கள் கருவுறுதலுக்கு முன்பே முட்டையைத் தாங்கும் பெண் கேமீட்டகத் திசுவைப் பெருக்கி அதில் உணவைச் சேமிக்கத் தொடங்கிவிடுகின்றன. அது தாயிடமிருந்து மட்டும் வந்த, ஒற்றைத் தொகுதிக் குரோமோசோம் கொண்ட திசு. மகரந்தம் வந்தாலும் வராவிட்டாலும் முதலீட்டில் ஒரு பகுதி போட்டாயிற்று. லில்லி அப்படிச் செய்வதில்லை. கரு உண்டானது உறுதியான பிறகே கருவூணை, அதாவது கருவுக்கு உணவாகும் திசுவை, கட்டத் தொடங்குகிறது. அதற்கான உத்திதான் இரட்டைக் கருவுறுதல்: ஒரு ஆண் கேமீட் முட்டையோடு சேர்ந்து கருவாகிறது, மற்றொன்று மைய உட்கருக்களோடு சேர்ந்து கருவூணாகிறது. இதை ரஷ்யத் தாவரவியலாளர் செர்கேய் நவாஷின் 1898-இல் கண்டறிந்ததே ஐரோப்பாவின் மார்ட்டகான் லில்லியிலும் அதன் உறவான ஃப்ரிட்டிலேரியாவிலும்தான். பிரான்சின் கீன்யார் 1899-இல் தனியாக அதை உறுதிசெய்தார். பெரிய செல்களும் பெரிய குரோமோசோம்களும் இருப்பதால் நுண்ணோக்கிக்கு லில்லியைப் போல ஒத்துழைக்கும் செடி அரிது.

அந்த வசதிக்காகவே பாடநூல்கள் லில்லியைப் பிடித்துக்கொண்டன. அதில் ஒரு கேலி இருக்கிறது. பூக்கும் தாவரங்களுக்கு மாதிரியாக வைக்கப்பட்ட லில்லியின் கருப்பை, அதாவது சூலுக்குள் முட்டை இருக்கும் பை, பெரும்பான்மைப் பூக்கும் தாவரங்களின் கருப்பையைப் போன்றது அன்று. பெரும்பாலான செடிகளில் நான்கு பெருவித்துகளில் மூன்று அழிந்து ஒன்று மட்டும் கருப்பையாக வளரும். லில்லியில் நான்கின் உட்கருக்களும் தங்கிவிடுகின்றன. அவற்றில் மூன்று ஒன்றாகி மும்மடங்கு உட்கருவாகின்றன. இதன் விளைவாகக் கருவூண் திசு வழக்கம்போல மூன்று தொகுதிக் குரோமோசோம் கொண்ட மும்மடியாக இல்லாமல், ஐந்து தொகுதி கொண்ட ஐம்மடியாக அமைகிறது. இந்த வளர்ச்சி முறை 1928-இல் பம்பாசியோனி ஃப்ரிட்டிலேரியாவில் ஆராய்ந்து தெளிவுபடுத்தும் வரை குழப்பமாகவே இருந்தது. விதிவிலக்கை மாதிரியாக வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாடம் நடத்தியிருக்கிறோம். ஊசியிலை மரங்களுக்கும் லில்லிகளுக்கும் எதிர்பாராத ஓர் ஒற்றுமையும் இங்கே சொல்லத் தக்கது. பைனஸ், லிலியம் இரண்டு பேரினங்களின் அடிப்படைக் குரோமோசோம் எண்ணிக்கையும் 12. இரண்டின் மரபணுத்தொகுதியும் மனிதனுடையதைப் போலப் பல மடங்கு பெரியது. அதன் பெரும்பகுதி, தன்னைத் தானே நகலெடுத்துக்கொண்டு பெருகிய துணுக்குகள். உறவினால் வந்த ஒற்றுமை அல்ல இது. இரண்டும் தனித்தனியாகச் சேர்த்த குப்பை.

இப்போது விதைக்கு வருவோம். நான் முதலில் சொன்ன செய்தி இங்கேதான் இருக்கிறது.

நிரம்பாலியின் விதை முற்றும்போது அதைச் சுற்றியுள்ள உறை சதைப்பற்றாகிறது. அதன் அடியில் உள்ள காம்புப் பகுதியும் பருத்து மென்மையாகி, கரும் ஊதா நிறம் ஏறுகிறது. கண்ணுக்கு அது பழமாகவே தெரியும். பழமாக வேண்டுமானால் சூற்பை வேண்டும், இதற்குச் சூற்பையே கிடையாது. ஆனாலும் பழம் தின்னும் விலங்குகளுக்குத் தாவரவியல் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. சதையைத் தின்ன வருபவை விதையை வேறிடத்துக்குக் கொண்டுபோய் விடுகின்றன. லில்லியின் காய் இதற்கு நேர்மாறு. அது பச்சையாக நிமிர்ந்து நின்று, காய்ந்து பழுப்பாகி, மூன்றாக வெடிக்கிறது. வெடித்த காய் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் மூன்று அறைகள் தெரியும். ஒவ்வோர் அறையிலும் இரண்டு வரிசை வீதம் மொத்தம் ஆறு வரிசைகளில், நாணயங்களை அடுக்கி வைத்தது போலத் தட்டையான விதைகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு விதையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுவில் ஒரு மெல்லிய கோடு தெரியும், அதுதான் கரு. அதைச் சுற்றிக் கருவூண், அதற்கும் வெளியே காகிதம் போன்ற விளிம்பு. கோடு தெரியாத விதை வெறும் உமி. தோட்டக்காரர்கள் முளைக்கும் விதையைப் பிரித்தெடுப்பதும் இப்படித்தான். விதைகள் கனமற்றவை. உலர்ந்த தண்டு காற்றில் ஆடும்போது மேலடுக்கிலிருந்து சில சில்லுகளாகக் கழன்று பறந்து போகின்றன.

இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள். நிரம்பாலி மகரந்தத்தைக் காற்றிடம் ஒப்படைத்து விதையை விலங்கிடம் ஒப்படைக்கிறது. லில்லி மகரந்தத்தைப் பூச்சியிடம் ஒப்படைத்து விதையைக் காற்றிடம் ஒப்படைக்கிறது. இரண்டுக்கும் காற்று ஒருமுறை வேண்டும், உயிரினம் ஒருமுறை வேண்டும், வரிசைதான் மாறியிருக்கிறது. ஊசியிலை மரம் பழமையானது, ஆகவே காற்றை நம்புகிறது. பூக்கும் தாவரம் புதியது, ஆகவே விலங்கை நம்புகிறது என்று பாடநூல் வரைந்து காட்டும் நேர்கோடு இந்த இணையிடம் செல்லுபடியாவதில்லை. பைனஸை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தக் கோடு ஓரளவு சரியாகவே தெரியும். பெரும்பாலான பைன் இனங்களின் விதைக்கும் இறக்கை இருக்கிறது, அதையும் காற்றே கொண்டுபோகிறது. மாதிரியை மாற்றினால் முடிவும் மாறுகிறது.

வரிசை இப்படி அமைந்ததற்குக் காரணத்தை அவை வாழும் இடத்தில் தேடுவதே பொருத்தம். அடர்ந்த மழைக்காட்டின் உட்பகுதியில் காற்று பெரும்பாலும் அசைவதில்லை. கனமான, உணவு நிறைந்த விதையை அங்கே காற்றிடம் கொடுத்தால் தாய்மரத்தின் நிழலிலேயே விழும். நிழலைத் தாங்கி முளைக்கப் பெரிய விதை வேண்டும். பெரிய விதை தள்ளிப் போக ஒரு வாயோ அலகோ வேண்டும். மகரந்தத்தின் நிலை வேறு. அது மரத்தின் உச்சியிலிருந்து, காட்டின் மேற்கூரைக்கு வெளியே வீசும் காற்றில் புறப்படுகிறது. உயரமாக வளர்வதால்தான் நிரம்பாலி அந்தப் பழைய வழக்கத்தை மழைக்காட்டிலும் விடாமல் வைத்திருக்க முடிந்தது என்று நான் கருதுகிறேன். சுற்றிலும் நிற்கும் மரங்களில் பெரும்பான்மை பூச்சிகளை நம்புபவை. லில்லி நிற்கும் புல்வெளியிலோ விதை பறக்கக் காற்றுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புல்லுக்குள் நிற்கும் சில பூக்களுக்கிடையே மகரந்தத்தை மழைக்காலக் காற்றில் தூவினால் எதுவும் போய்ச் சேராது. ஒரு பூவைத் தேடி மற்றொரு பூவுக்குப் போகும் பூச்சியே அங்கே தேவை. அதை மூடுபனிக்குள்ளும் அழைத்துவர மணமும் வெண்மையும் தேவை.

இரண்டுமே நம் மலைகளுக்குத் தொலைவிலிருந்து வந்த உறவுகள் என்பதும் ஒப்பீட்டில் சேர வேண்டியது. நிரம்பாலியின் பரப்பு மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு துண்டாகவும், வடகிழக்கு இந்தியாவிலிருந்து தென்கிழக்காசியா வழியாக நியூகினி வரை மறு துண்டாகவும் பிரிந்து கிடக்கிறது. நீலகிரி லில்லியின் நெருங்கிய சொந்தம் இமயமலையில் இருக்கிறது. இடையில் இரண்டாயிரம் கிலோமீட்டர் அளவுக்கு வெற்றிடம். நீலகிரியின் ரோடோடென்ட்ரானுக்கும் இதே கதைதான். குளிர்ச்சியான பனியுகக் காலங்களில் தாழ்ந்த குன்றுகள் வழியாகவும் பரவ முடிந்தவை, வெப்பம் கூடியபோது உயர்ந்த மலைகளில் ஒதுங்கின என்று விளக்குகிறார்கள். மழைக்காட்டு மரமான நிரம்பாலிக்குக் குளிரைவிட ஈரமே முக்கியம். ஈரம் சுருங்கிய காலத்தில் அதன் பாதை அறுந்திருக்க வேண்டும். ஒன்றைப் பிரித்தது வெப்பம், மற்றதைப் பிரித்தது வறட்சி என்று சுருக்கமாகக் கொள்ளலாம்.

ஊசியிலை மரத்துக்கும் லில்லிக்கும் உண்மையிலேயே பகை மூண்ட இடம் ஒன்றும் நம் மலைகளில் உண்டு. அதில் நிரம்பாலிக்குப் பங்கில்லை. நீலகிரியிலும் பழனி மலையிலும் இருந்த புல்வெளிகளை வெற்று நிலம் என்று கருதி, பட்டைக்காகச் சீகை மரத்தையும், கூழுக்காகத் தைல மரத்தையும், மென்மரத்துக்காக மெக்சிகோவின் பைன் இனத்தையும் நட்டார்கள். பைன் தோப்புக்குள் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், உதிர்ந்த ஊசிகள் மெத்தையாகப் படிந்த அந்தத் தரையில் புல்கூட முளைப்பது கடினம். வெளிச்சமும் வெட்டவெளியும் வேண்டிய லில்லிக்கு அங்கே இடமே கிடையாது. தீயிலும் உறைபனியிலும் தப்பித்த கிழங்கு நிழலில் தப்பவில்லை. பழனி மலையில் நாற்பது ஆண்டுக் காலத்தில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு தோப்புகளுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. நட்ட பைனின் இறக்கை விதைகள் மிச்சமிருக்கும் புல்வெளிக்குள்ளும் காற்றில் வந்து விழுந்து முளைக்கின்றன. மரம் நடுவது எங்கும் நன்மை என்ற நம்பிக்கை இன்னும் வலுவாக இருப்பதால், தோப்பை அகற்றிப் புல்லை மீட்க வேண்டும் என்று சொல்பவர்கள் விளக்கம் சொல்லியே களைத்துப் போகிறார்கள்.

பாதுகாப்பு என்று வரும்போது இரண்டுக்கும் ஒரே மருந்து உதவாது. நீலகிரி லில்லி இருபால் பூ உடையது. கிழங்குகள் தங்கியிருக்கும் ஒரு சரிவை மரம் நடாமல், தோண்டாமல், பூப்பறிப்பவர்களிடமிருந்து காத்தால் மீதியை அந்துப்பூச்சியும் காற்றும் பார்த்துக்கொள்ளும். அதற்கு வேண்டியது நிலம். நிரம்பாலிக்கு நிலம் மட்டும் போதாது, துணையும் வேண்டும். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டாகிப்போன ஒரு காட்டில் தனியாக நிற்கும் பெண் மரம், காற்றெட்டும் தூரத்தில் ஆண் மரம் இல்லாவிட்டால், எத்தனை ஆண்டு நின்றாலும் முளைக்கும் விதை தராது. நாற்றங்காலில் வளர்க்கும் கன்றைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. கதிரோ சூலோ தோன்றும் வயது வரை காத்திருக்க வேண்டும், மழைக்காட்டு மரத்துக்கு அது நீண்ட காலம். ஆகவே சாலையோரத்திலும் பூங்காவிலும் காட்சிக்காக ஒரு கன்றை நட்டுவிட்டு இனத்தைக் காப்பாற்றியதாகக் கணக்கு எழுதுவதில் பயனில்லை. வெவ்வேறு தாய்மரங்களின் விதையிலிருந்து வந்த கன்றுகளை ஒரே காட்டுத்துண்டில், ஒன்றின் மகரந்தம் மற்றொன்றை எட்டும் நெருக்கத்தில், கூட்டமாக நட வேண்டும்.